ஆளிப்பாறைச் சுனைப் பாசி

ஜனவரி 2

புது டைரி. பஸ் ஸ்டாண்ட் மெடிக்கல் ஷாப் முதலாளி, கடையில் அத்தனை பேர் நிற்கும்போது என்னை மட்டும் கூப்பிட்டுக் கொடுத்தார். “வைத்தி, உன் வாழ்க்கையிலதான் எழுத விஷயம் இருக்கு” என்றார். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இல்லை. அர்த்தம் அதுதான்.

முதல் பக்கத்தில் நம்மைப் பற்றி எழுதுவது முறை. பெயர் வைத்திலிங்கம். ஊர் புதுக்கோட்டை. தொழில் சொந்த ஆட்டோ. அதற்கு முன்னால் சினிமா தியேட்டரில் ஆப்பரேட்டர். படிப்பு எட்டாவது, ஆனால் அந்தக் கால எட்டாவது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெண் கொடுக்க வந்தவர்கள் ஏராளம். அக்கா தனலெட்சுமி வீட்டு மாடியில் இருக்கிறேன். அக்கா மகள் ரேணுகா, எனக்குப் பாப்பா, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பாசி டாக்டர். குளத்தில் பச்சையாக மிதக்கிறதே, அதிலே கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஜீவன்களைப் பிடித்து, எது என்ன இனம் என்று சொல்கிற படிப்பு.

இன்று அவளை ஆளிப்பாறைக்கு அழைத்துப் போனேன். உச்சியில் ஒரு சுனை இருக்கிறது. இரண்டு பாறை குடை மாதிரி கவிழ்ந்து, நடுவில் தண்ணீர். இப்படி ஒன்று இருப்பது ஆடு மேய்க்கிறவர்களையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. அந்த மலையில் சுனை கிடையாது என்று பாப்பாவின் காலேஜில் மேப்பைப் பார்த்துச் சொன்னார்களாம். மேப் போட்டவன் ஏறிப் பார்த்தானா?

நிழல் விழுகிற மூலையில் மட்டும் தண்ணீருக்குள் கொடி மாதிரி ஒரு செடி. அதைப் பிடுங்கி, துவைத்த துணியைப் பிழிகிற மாதிரி பாட்டிலுக்குள் பிழிய வேண்டும். அந்தச் சாற்றில்தான் ஜீவன்கள் இருக்குமாம். பிழிந்தது நான். பாப்பாவின் கை சின்னக் கை.

இறங்கும்போது வழியில் பெரிய பாம்பு. பாப்பா “அது ஓணான் மாமா” என்கிறாள்.

ஜனவரி 4

காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இதில் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புரொஜெக்டரைத் தலைகீழாக நிறுத்தினால் மைக்ராஸ்கோப், அவ்வளவுதான்.

“என்ன மாமா தெரியுது?”

“ரெண்டு இட்லியை ஒட்ட வச்ச மாதிரி. பச்சை இட்லி. நடுவுல இடுப்பு.”

“அதேதான். பேரு காஸ்மேரியம். அது மொத்தமும் ஒரே செல்லு.”

“ஒண்ணா? எனக்கு ரெண்டு தெரியுதே.”

“ரெண்டு பாதி. கண்ணாடியில பாத்தா எப்படி இருக்குமோ அப்படி ஒண்ணைப் போல ஒண்ணு. குட்டி போடணும்னா இடுப்புல பிரியும். ஒவ்வொரு பாதியும் தனக்கு இல்லாத இன்னொரு பாதியைப் புதுசா வளர்த்துக்கும்.”

அப்படியானால் ஒவ்வொன்றும் பாதி கிழம், பாதி குழந்தை. நான் இதைச் சொன்னதும் பாப்பா என்னை ஒரு மாதிரி பார்த்து, “தீசிஸ்ல எழுதலாம் போல இருக்கே” என்றாள். எழுதினால் என் பெயரைப் போட வேண்டும் என்றேன்.

இந்தப் பாசிகளுக்குள் சொந்தபந்தமும் இருக்கிறதாம். மாத்திரை டப்பாவில் விற்கிறார்களே குளோரெல்லா, அதுவும் பச்சைதான், அதுவும் ஒற்றைச் செல்தான். ஆனால் நம் காஸ்மேரியத்துக்கு அது தூரத்துப் பங்காளி. நெல்லும் புல்லும் ஆலமரமும்தான் இதற்குக் கிட்டத்துச் சொந்தம். “பாக்கிறதுக்கு ஒண்ணா இருக்குன்னு சேத்துரக்கூடாது மாமா. உள்ளே எப்படிப் பிரியுது, எப்படிச் சேருதுன்னு பாத்துத்தான் யாரு யாருக்குச் சொந்தம்னு சொல்லணும்” என்றாள். நம் சாதிசனத்திலும் அப்படித்தான்.

ஜனவரி 5

ஸ்டாண்டில் பாம்புக் கதையைச் சொன்னேன். ராஜநாகம் என்றால்தான் நம்புகிறார்கள்.

ஜனவரி 18

பெரிய செய்தி.

சுனையில் பிடித்த காஸ்மேரியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மேலே முத்து முத்தாகப் புள்ளி இருக்கிறது, அது மற்றதிலும் உண்டு. ஆனால் இடுப்புக்கு மேலே அந்த முத்து வளையல் மாதிரி வளைந்து நிற்பது இதில் மட்டும்தான். பாப்பா ஜெர்மன்காரன் புத்தகம் வரை பார்த்துவிட்டாள். புது இனம்! உலகத்தில் யாரும் பார்க்காதது, நான் பிழிந்த பாட்டிலில்!

“உடனே பேப்பர்ல போடு” என்றேன்.

“அவசரப்படக்கூடாது மாமா. புள்ளியை மட்டும் பாத்துப் புது இனம்னு சொன்னா நாளைக்கு ஒருத்தன் வந்து, பழசுலயே ஒரு மாறுதல்தான்னு அடிச்சிட்டுப் போயிருவான். ரெண்டு செல்லு சேர்ந்து ஒரு விதை மாதிரி உண்டாகும். அதோட முள்ளு எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் உறுதி. தண்ணி வத்துற நேரத்துலதான் அதுங்க சேரும். சித்திரை வரைக்கும் பொறுக்கணும்.”

“பொறுத்துட்டாப் போச்சு.”

“அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க மாமா. யாராவது முந்தி அச்சுல போட்டுட்டா என் நாலு வருஷமும் போச்சு.”

என் வாய் பூட்டுப் போட்ட வாய் என்றேன். சமையல்கட்டிலிருந்து அக்கா சிரித்தது.

ஜனவரி 19

டீக்கடை செல்வராசுவிடம் மட்டும் சொன்னேன். அவனுக்குக் காது மந்தம்.

ஜனவரி 29

மனசு சரியில்லை.

புது இனம் என்றால் புதுப் பெயர் வைக்க வேண்டும் அல்லவா? காஸ்மேரியம் என்பது பேரினம், அதாவது வீட்டுப் பெயர் மாதிரி. அதற்குப் பின்னால் இரண்டாவதாக வருவதுதான் இந்த இனத்தின் சொந்தப் பெயர். அதை யார் பெயராலும் வைக்கலாம். கண்டுபிடிக்க உதவினவர்கள் பெயரை வைப்பது உலகம் முழுக்க வழக்கமாம். ஆம்பிளைப் பெயராக இருந்தால் கடைசியில் ‘ஈ’ சேர்க்க வேண்டும். சாப்பிடும்போது நானே சொல்லிப் பார்த்தேன்: “காஸ்மேரியம் வைத்திலிங்கமீ.” கம்பீரமாக இருந்தது.

பாப்பா தட்டைப் பார்த்தபடியே, “மலை பேரைத்தான் வைக்கப்போறேன் மாமா. அது அந்தப் பாறையை விட்டா வேற எங்கயும் இல்லையே. அதுதான் நியாயம்” என்றாள்.

“மலையா உன்னை ஆட்டோவுல கூட்டிட்டுப் போச்சு?”

“சொந்தக்காரங்க பேரை வச்சா சிரிப்பாங்க மாமா. நன்றின்னு எழுதுற இடத்துல உங்க பேருதான் முதல்ல வரும்.”

அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே, “இவன் பேரை வச்சா அந்தப் பாசி வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சிரும்டி. அப்புறம் யாரு அடக்குறது?” என்றது. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தோளில் உட்கார வைத்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான். அவள் அப்பா போனபிறகு எட்டி நிற்காத ஒரே ஆண்பிள்ளை நான். கடைசியில் ஒரு கல்லுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை. இதற்குத் துரோகம் என்று பெயர் வைக்கலாமா கூடாதா?

ஜனவரி 30

சவாரிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 8

திருச்சியில் ஒரு காலேஜில் பாசிக்காரர்கள் மாநாடு. பாப்பாவை ஆட்டோவிலேயே அழைத்துப் போனேன். பஸ்ஸில் போகலாம் என்றாள், விடவில்லை. அவள் வேறு ஏதோ குளத்தைப் பற்றிப் பேசினாள். சுனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கெட்டிக்காரி.

டீ இடைவேளையில் வெளியே நின்றேன். தயாபரன் என்று ஒரு பேராசிரியர். வேறு ஊர்க் காலேஜ், வெள்ளைச் சட்டை, சந்தன வாசனை. அவராகவே வந்து, “ஐயா, போண்டா எடுத்துக்குங்க” என்றார். டாக்டர் பட்டம் வாங்கினவர், என்னை ஐயா என்கிறார்! வீட்டிலே இந்த மரியாதை உண்டா?

பேச்சு லென்ஸில் ஆரம்பித்து எங்கெங்கோ போனது. “நீங்களும் பாசி பாப்பீங்களா?” என்று கேட்டார். பார்க்காமல் என்ன என்றேன். சும்மா பொதுவாகத்தான் பேசினேன். மலை பெயர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மலை என்றுதான் சொன்னேன். என் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறேனே, மைக்ராஸ்கோப்பில் எடுத்த பச்சை இட்லி, அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது எங்க ஐயா கிடைச்சது?”

“எல்லாம் நம்ம சுனையிலதான் சார்.”

நம்பரை வாங்கிக்கொண்டார். பாப்பா வருவதைப் பார்த்ததும், “அப்புறம் பேசுவோம்” என்று கையைக் குலுக்கினார். மெத்தென்று இருந்தது கை.

பிப்ரவரி 15

தயாபரன் சார் போன். என் உடம்பு எப்படி, ஆட்டோ எப்படி என்று எல்லாம் விசாரித்துவிட்டு, “ஐயா, உங்களைப் போல ஆட்கள்தான் நிஜமான விஞ்ஞானிங்க. அந்தச் சுனைப் பாசி புது இனமா இருந்தா அதுக்கு உங்க பேரைத்தான் வைக்கணும். அது முறை” என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். இதைத் தனியாகக் குறித்து வைக்கிறேன்.

பாப்பா யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்றேன்.

பிப்ரவரி 22

இன்று வெளியூர்ப் பார்ட்டி ஒன்றுக்குச் சவாரி. மலைப்பக்கம் காற்று வாங்க வேண்டும் என்றார்கள். அழைத்துப் போனேன். சவாரிக்காரன் கேட்ட இடத்துக்குப் போவதுதான் தொழில். காசு கொடுக்க வந்தார், வாங்கவில்லை. பெரிய மனிதரிடம் அது அழகில்லை. வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சைக்கறை. செடியைப் பிழியத் தெரியவில்லை அவருக்கு, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பாப்பா காலேஜுக்குப் போயிருந்தாள்.

பிப்ரவரி 23

முழங்கால் வலி. அக்கா தைலம் தேய்த்துக்கொண்டே, “மலை ஏறினவன் மாதிரி முனகுறே” என்றது. செருப்பு சரியில்லை என்றேன்.

மார்ச் 16

பாப்பாவுடன் சுனைக்குப் போனேன். தண்ணீர் பாதி வற்றிவிட்டது. ஏறும்போது நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு. மேலே போய் நிழல் மூலைக்குப் போனவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, இங்க யாரோ வந்திருக்காங்க.”

“ஆட்டுக்காரன் வந்திருப்பான்.”

“செடியைப் பிடுங்கி, பிழிஞ்சு, சக்கையைப் பாறை மேல போட்டிருக்கு பாருங்க. ஆடு மேயும் மாமா, பிழியாது.”

நான் அந்த நேரம் பார்த்துக் காலில் முள் குத்தி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல பெரிய முள். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “திருச்சிக்கு வந்தவங்க யாருக்கும் இந்த இடம் தெரியாதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மிச்சம் இருந்த செடியில் கொஞ்சமாகப் பாட்டிலில் பிழிந்து, சுனைக்கு வலிக்குமோ என்கிற மாதிரி, செடியைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டாள்.

வெயில் அதிகம். வீடு வரும்வரை ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மார்ச் 17

தயாபரன் சாருக்குச் சும்மா ஒரு போன் போட்டேன். எடுக்கவில்லை. பரீட்சை நேரம், பேப்பர் திருத்துவார்.

ஏப்ரல் 12

இன்று மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

காலையில் மாடிக்குப் பாப்பாவின் குரல். “மாமா! ஓடி வாங்க மாமா!” பல்லில் பிரஷ்ஷோடு இறங்கினேன். மைக்ராஸ்கோப்பை எனக்கு விட்டுவிட்டு, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

பார்த்தேன். போன மாதம் சுனையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். நடுவில் ஒரு பந்து. பந்து முழுக்க முள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் இரண்டாகப் பிரிந்து நாக்கு மாதிரி. அதைச் சுற்றி நாலு காலி ஓடு கிடக்கிறது, இட்லி தின்ற பிறகு தட்டு கிடக்கிற மாதிரி. இரண்டு செல் தங்கள் ஓட்டைத் திறந்து வெளியே வந்து, ஒன்றாகக் கலந்து, இந்த முள்பந்து ஆகிவிட்டன. சுனை காய்ந்தாலும் இது காயாதாம். சேற்றுக்குள் கிடந்து அடுத்த மழைக்கு முளைக்குமாம். சாவுக்கே டிமிக்கி கொடுக்கிற ஏற்பாடு!

“இந்த மாதிரி முள்ளு வேற எந்த இனத்துலயும் இல்லை மாமா. இனி ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றாள். கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்து, “நீங்க அந்தச் சுனையைக் காட்டலைன்னா எனக்கு இது இல்லை” என்றாள்.

மத்தியானம் அக்கா பாயசம் வைத்தது. எனக்கு ஏனோ இறங்கவில்லை. வெல்லம் கொஞ்சம் தூக்கல்.

ஏப்ரல் 13

தயாபரன் சார் எடுக்கவில்லை.

ஏப்ரல் 20

எடுக்கவில்லை.

மே 11

பாப்பா எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஒரு செல்லை வரைவதற்கு ஒரு வாரம். புள்ளி ஒவ்வொன்றும் அது இருந்த இடத்தில்தான் இருக்க வேண்டுமாம். அடுத்த மாதம் முடிந்து அனுப்பிவிடுவேன் என்கிறாள். அவள் வரைகிற நேரத்தில் நான் மாடிப்படியில்கூட மெதுவாகத்தான் இறங்குகிறேன்.

ஜூன் 5

டைரியே, எழுந்து நில்!

மதியம் போனில் தயாபரன் சார் அனுப்பியிருந்தார். முழு ஆராய்ச்சிக் கட்டுரை, இங்கிலீஷில், வெளிநாட்டுப் பத்திரிகையில். தலைப்பிலேயே, கறுப்பு எழுத்தில், சாய்த்து: காஸ்மேரியம் வைத்திலிங்கமீ. என் பெயர்! உலகம் இருக்கிறவரை இருக்குமாம். மெசேஜில் “சொன்னேன், செய்தேன் ஐயா” என்று கும்பிடு போட்டிருக்கிறார்.

ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்தேன். ஸ்டாண்டில் எல்லோருக்கும் காட்டினேன். மாலை போட்ட படத்தோடு ஒரு பிளெக்ஸ் சொல்லிவிட்டேன். பாப்பாவின் கட்டுரை வேறு, இது வேறு என்றுதான் நினைத்தேன். ஒரே படம் இரண்டு தியேட்டரில் ஓடுவதில்லையா? லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பாப்பா வரைந்துகொண்டிருந்தாள். அவள் மேசையில் காகிதத்தை வைத்தேன். “படி” என்றேன். பக்கத்தில் லட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தேன்.

படித்தாள். முதல் பக்கம். இரண்டாவது பக்கம். பேனாவை மூடி வைத்தாள்.

அக்கா வந்து, “என்னடி, மாமா பேரு வந்திருக்காமே?” என்றது.

“ஆமாம்மா.” ஒரு வரியில் விரல் வைத்து, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி தமிழில் சொன்னாள்: “இந்த இனத்தை முதன்முதலில் கண்டறிந்து, ஆளிப்பாறைச் சுனைக்கு எங்களை நேரில் அழைத்துச் சென்று, செடியைப் பிழிந்து கொடுத்த உள்ளூர் இயற்கை ஆர்வலர் வைத்திலிங்கம் அவர்களைச் சிறப்பிக்கும் வகையில்.”

அக்கா என்னைப் பார்த்தது.

“லட்டு எடுத்துக்க பாப்பா” என்றேன்.

ஒரு லட்டு எடுத்தாள். கையிலேயே வைத்திருந்தாள். “முதன்முதலில் கண்டறிந்துன்னு போட்டிருக்கு மாமா” என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 6

யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

ஜூன் 8

அந்த ஆள் துரோகி. இதைப் பச்சை மையில் எழுத வேண்டும், என்னிடம் இல்லை.

அக்காதான் விவரம் சொன்னது. ஓர் இனத்துக்கு முதலில் யார் அச்சில் பெயர் வைக்கிறார்களோ அந்தப் பெயர்தான் செல்லும். பாப்பா மலை பெயரை வைத்து எழுதியதெல்லாம் இனிமேல் வெறும் காகிதம். புது இனம் கண்டவள் என்கிற பட்டம் இனி அவளுக்கு இல்லை. “அவ நாலு வருஷத்தை நீ ஒரு போண்டாவுக்கு வித்துட்டே” என்றது அக்கா. இரண்டு போண்டா. ஆனால் அதைச் சொல்கிற நேரம் இல்லை.

“அந்த ஆள் மேல புகார் குடுப்போம்” என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்.

உள்ளேயிருந்து, “என்னன்னு குடுக்கிறது? சுனை பொது. என் படம் எதையும் அவர் போடலை. அவரா எடுத்த தண்ணி, அவரா வரைஞ்ச படம். யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு பேரோட நன்றியும் சொல்லியிருக்காரு. திருட்டு எங்க இருக்கு?” என்றாள்.

அந்த ஆள் முள்பந்தைப் பார்க்கவே இல்லை. புள்ளியை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறான். பொறுக்காதவன்.

ஜூன் 15

அவன் காலேஜுக்கே நேரில் போனேன். பஸ்ஸில் போனேன், ஆட்டோ எடுக்க மனசில்லை. கேட்டில் காவல்காரன் யார் என்று கேட்டான். வைத்திலிங்கம் என்று மட்டும் சொன்னேன்.

தயாபரன் எழுந்து நின்று நாற்காலி போட்டார். “வாங்க ஐயா, வாங்க” என்று அதே சந்தன வாசனை.

“என் பேரை எடுத்துடுங்க சார்.”

“எடுக்க முடியாதுய்யா. வச்ச நானே நினைச்சாலும் முடியாது. அச்சான பேரு அச்சானதுதான்.”

“அப்படின்னா அது எங்க பாப்பா கண்டுபிடிச்சதுன்னு மறுபடி எழுதிப் போடுங்க.”

“எந்தப் பாப்பா?”

“ரேணுகா சார். என் அக்கா மகள். திருச்சியில பேசுச்சே.”

தெரிந்துதான் இருந்தது அவருக்கு, முகத்தில் தெரிந்தது. பிறகு சிரித்தார். “அந்தப் பொண்ணு பேரை நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே ஐயா. என் சுனை, என் பாசி, நான்தான் முதல்ல பாத்தேன், காலேஜ்காரங்களுக்கே நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். இப்படித்தானே சொன்னீங்க? மலை மேல நின்னு ராஜநாகம் பிடிச்ச கதை எல்லாம் சொன்னீங்க.”

“அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சார்.”

“நான் நம்பிட்டேன்யா” என்றார். “நான் எந்த வார்த்தையில தவறினேன், சொல்லுங்க. பேரு வைக்கிறேன்னு சொன்னேன். வச்சேனா இல்லையா?”

மேசை மேலே இருந்த பேப்பர் வெயிட்டைத் தூக்கி அடிக்கலாமா என்று இருந்தது. அடித்தேன் என்று நாளைக்கு ஸ்டாண்டில் சொல்லலாம். அடிக்கவில்லை. அவர் வரவழைத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 24

பிளெக்ஸ் வந்துவிட்டது. ஸ்டாண்ட் பையன்கள் என்னைக் கேட்காமலேயே கட்டிவிட்டார்கள். ‘உலக விஞ்ஞானிகள் போற்றும் எங்கள் அண்ணன்.’ அதைத் தாண்டித்தான் பாப்பா பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

நானே ஏணி போட்டு அவிழ்த்தேன். “ஏண்ணே, எழுத்துப் பிழையா?” என்றான் ஒருத்தன். ஆமாம் என்றேன். “அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே” என்றார்கள். சவாரி இருக்கிறது என்று கிளம்பினேன். சவாரி இல்லை.

ஜூலை 1

பாப்பா மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டாள் என்று அக்கா சொன்னது. புது இனம் போய்விட்டது. முள்பந்து மட்டும் மிச்சம். அதை அந்த ஆள் பார்க்கவில்லையே. அதனால், ஏற்கனவே பெயர் வைத்த ஓர் இனத்தில் இது வரை யாரும் காணாத முள்பந்தைக் கண்டேன் என்று எழுதலாமாம். முதலாளியாக இருந்தவள் வாடகைக்கு இருக்கிற மாதிரி. பட்டம் கிடைத்துவிடும். ஆனால் நினைத்தது அது இல்லை.

என்னுடன் பேசுகிறாள். “தள்ளுங்க”, “மோட்டார் போடுங்க”, “அம்மா கூப்பிடுது.” மாமா என்ற வார்த்தை மட்டும் எதிலும் இல்லை.

ஜூலை 9

அக்காவுக்குக் காய்ச்சல். அதனால் சாயங்காலம் டீயை நான் போட்டு எடுத்துப் போனேன். பாப்பா கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றேன். திரும்பவில்லை.

இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். பக்கம் முழுக்க என் பெயர் சாய்ந்து சாய்ந்து கிடந்தது. மேலே ஓர் இடத்தில் காஸ்மேரியம் என்று முழுதாக இருந்தது. கீழே வர வர அது இல்லை. என் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டும் நின்றது.

எதையாவது பேச வேண்டும் என்று, “காஸ்மேரியத்தை விட்டுட்டியே பாப்பா” என்றேன்.

“பேரினத்தை முதல் தடவை முழுசா எழுதினாப் போதும். அப்புறம் முதல் எழுத்தும் புள்ளியும் போட்டாப் போதும். அதுதான் முறை.”

“அப்படின்னா பின்னாடி இருக்கறதையும் அப்படியே எழுத்தும் புள்ளியுமா போட்டுரு. உனக்கும் கை வலிக்காது.”

“அதைச் சுருக்கக்கூடாது” என்றாள். “எத்தனை தடவை வந்தாலும் முழுசாத்தான் எழுதணும்.”

டீயை மேசை ஓரத்தில் வைத்தேன். அவள் அடிக்க ஆரம்பித்தாள். வி, ஏ, ஐ. ஒவ்வொரு எழுத்தாக. கடைசி எழுத்து வரை நின்று பார்த்துவிட்டு மாடிக்கு வந்தேன்.